வெர்னாவின் இரண்டரை நிமிடம்

வெர்னா ஹாஸ்கின்ஸ் "மறுபடியும், முதல்லருந்து!" என்று சொன்னால் டன்லோ ஊர் முழுக்க இரண்டரை நிமிடம் பின்னால் போய்விடும். அவள் பயிற்சி கொடுக்கும் சியர்லீடர் பெண்கள் ஒருத்தியை மேலே எறிந்து பிடித்துப் போட்டிக்கு ஆடும் ஆட்டத்தின் நீளம் அது. பள்ளிக்கூட ஜிம்மில், பயிற்சி நேரத்தில், அவள் வாயால் சொன்னால் மட்டும்தான் நடக்கும். மேற்கு டெக்ஸாஸில் ஆலங்கட்டி மழையை எப்படிப் பொறுத்துக்கொள்கிறோமோ அப்படித்தான் இதையும் பொறுத்துக்கொண்டோம். வாணலியில் உடைத்து ஊற்றிய முட்டை ஓட்டுக்குள் திரும்பும். சலூனில் வெட்டிய முடி தலையிலேயே போய் ஒட்டிக்கொள்ளும். உடைந்தது சேரும், ஆனால் நடந்தது யாருக்கும் மறக்காது. பெண்களின் தொடைவலியும் குறையாது. அதனால் அந்த இரண்டு வார்த்தையைக் கேட்டாலே அவர்களுக்கு முகம் வெளிறும். ஹோலிஸ் கிழவர் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான்கு முறை செத்தார். நான்காவது முறை அவர் மனைவி அழவில்லை. "போறதுன்னா ஒழுங்கா போய்ச் சேருங்க" என்று எரிந்து விழுந்தார். கையால் பிடித்து ஆடும் அமெரிக்கக் கால்பந்தில் பையன்கள் பந்தை நழுவவிட்டுத் தோற்ற அன்று, அவர்களுடைய பயிற்சியாளர் அந்த வார்த்தையைச் சொல்லச் சொல்லி வெர்னாவின் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். "உங்க பசங்க பிடிக்கத் தெரியாம நிக்கிறதுக்கு நான் என்ன பண்ணட்டும்?" என்று கேட்டுவிட்டு அவள் காரில் ஏறிப் போய்விட்டாள்.

வெர்னாவைப் பிடித்தவர்கள் ஊரில் யாரும் இல்லை. எனக்கும் பிடிக்காது. ஆனால் ஷாரி டிக்னருக்கு அவள்மேல் இருந்த வெறுப்பு வேறு ரகம். ஷாரியின் கணவன் துணிமணிகளை வண்டியில் ஏற்றிவிட்டு, சமையலறை வாசலில் நின்று "நான் போறேன் ஷாரி, இனிமே வரமாட்டேன்" என்று சொன்னது ஒரு வியாழக்கிழமை. ஜிம்மில் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. அவள் அதை ஐந்து முறை கேட்டாள். ஒவ்வொரு தடவையும் அவன் மனதை மாற்றிக்கொள்ள இடம் இருந்தது. மாற்றிக்கொள்ளவில்லை. ஐந்தாவது தடவை கொட்டாவி விட்டுக்கொண்டே சொன்னான். அந்தக் கொட்டாவிக்கும் சேர்த்து ஷாரி வெர்னாவைத்தான் சபித்தாள்.

ஷாரியின் மகள் பிரின்லிதான் அணியில் மேலே தூக்கி எறியப்படுகிறவள். கீழே நின்று எறிந்து பிடிக்கிறவர்களில் முக்கியமானவள் மரிசெலா ஒர்ட்டேகா. செப்டம்பர் மாதம் இறங்கும்போது பிரின்லியின் முழங்கை பட்டு மரிசெலாவின் மூக்கு உடைந்தது. வெர்னா அந்த இரண்டு வார்த்தையைச் சொன்னாள், மூக்கு சரியானது. பயம் சரியாகவில்லை. அன்றிலிருந்து பிரின்லி இறங்குகிற கணத்தில் மரிசெலாவின் கண் தானாக மூடிக்கொண்டது. "மேலே போனவ தரையைத் தொடுறதுக்கு முன்னாடி நீ அவளைத் தொடணும், மூஞ்சி போனாலும் பரவாயில்ல" என்பது அந்த ஜிம்மின் சட்டம். கண் திறக்கும்வரை வெர்னா மறுபடியும் மறுபடியும் ஆடவைத்தாள். ஊர் முன்னும் பின்னும் போய்வந்து தலைசுற்றிக் கிடந்தது.

அப்போதுதான் பிரின்லி ஒருநாள் ஷூ நாடாவைப் பார்த்துக்கொண்டே, "கோச், எங்கம்மா உங்ககிட்ட பேசணுமாம்" என்றாள். பெண்கள் பயப்பட இரண்டு வார்த்தை இருந்ததுபோல, வெர்னா பயந்த வாக்கியம் இது ஒன்றுதான். பேச்சு கார் நிறுத்துமிடத்தில் நடந்தது, ஊர் பாதி வேடிக்கை பார்த்தது.

"என் வீடு உடைஞ்சதை அஞ்சு தடவை பார்க்க வெச்சவ நீ."

"உன் புருஷனை நானா போகச் சொன்னேன்? அஞ்சு தடவை சான்ஸ் குடுத்தேன், நிறுத்தி வெச்சுக்க உனக்குத் துப்பில்ல."

ஷாரி பள்ளி நிர்வாகக் குழுவில் இருந்தாள். அடுத்த கூட்டத்திலேயே, அந்த வார்த்தைகளைச் சொன்னால் வெர்னாவுக்கு வேலை போகும் என்று தீர்மானம் போட்டார்கள். முதலில் உயர்ந்தது ஷாரியின் கைதான். ஊர் நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கியது. வெர்னா ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் "சரி, போதும்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். பெண்களுக்குக் கொண்டாட்டம். "போட்டியன்னைக்கு எல்லாம் தானா வந்துடும் கோச்" என்றார்கள். மரிசெலாவின் கண் மூடியபடியே இருந்தது.

போட்டிக்கு முந்தின வாரம் பெற்றோர் ஜிம்முக்கு வந்தார்கள். ஷாரி மெத்தையின் ஓரத்தில் நின்று போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். பிரின்லி மேலே போனாள், சுழன்றாள், இறங்கினாள். மரிசெலாவின் கண் மூடியது. மற்றவர்கள் கையில் பிரின்லியின் கால் மட்டும்தான் சிக்கியது. தலை தரையில் மோதிய சத்தம் கேட்டது. பிறகு அந்தப் பெண் மூச்சு விடவில்லை.

"சொல்லு! சொல்லித் தொலை!" என்று ஷாரி கத்தினாள்.

வெர்னா வாயைத் திறந்தாள். வந்தது அந்த வார்த்தை இல்லை; மாதக்கணக்கில் சேர்த்துவைத்த விஷம். "சொல்லக் கூடாதுன்னு கையத் தூக்கினது யாரு? கேளு. எல்லார் முன்னாடியும் என்னைக் கேளு."

"உன்னையா? உன்கிட்ட நான் கெஞ்சணுமா?"

இதை இருவருக்கும் நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. சுவரில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டரை நிமிடம் கடந்துவிட்டால் வெர்னா தொண்டை கிழியக் கத்தினாலும் பிரின்லி எழுந்திருக்க மாட்டாள். அது ஜிம்மில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும், அந்த இரண்டு பேருக்கும் தெரியும். அப்படியும் நின்றார்கள். மரிசெலாதான் அலறினாள்: "கோச், நேரம் போகுது! செத்துடுவா!"

ஷாரி மண்டியிட்டாள். "ப்ளீஸ், வெர்னா."

வெர்னா சொன்னாள்.

ஊர் பின்னால் போனது. ஆனால் அவ்வளவு தாமதித்ததற்கு ஆட்டத்தின் தொடக்கம் கைக்கு எட்டவில்லை. திரும்பி வந்தபோது பிரின்லி ஏற்கெனவே காற்றில், சுழன்று முடித்து, கீழே வந்துகொண்டிருந்தாள். ஷாரி போனை எறிந்துவிட்டுப் பாய்ந்தாள். மரிசெலா இந்தத் தடவை கண்ணை அகல விரித்து, முகத்தை நேரே கொடுத்து நின்றாள். அவள் மூக்குக்கு வந்த முழங்கையை ஷாரியின் தோள் வாங்கிக்கொண்டது. மூன்று பேரும் குவியலாக விழுந்தார்கள். மேலே கிடந்த பிரின்லி தேம்பித் தேம்பி அழுதாள். கீழே கிடந்த ஷாரியின் காறை எலும்பு இரண்டாக முறிந்திருந்தது.

எலும்பை ஒட்டவைக்க நேரம் தாராளமாக இருந்தது. பெண்கள் பழக்கதோஷத்தில் வரிசைக்குத் திரும்பி நின்றார்கள். வெர்னா மூச்சை இழுத்தாள்.

"வாயத் திறந்தே, கொன்னுடுவேன்" என்றாள் ஷாரி. "இவ உயிரோட இருக்கா. இது இப்படியே இருக்கட்டும்."

வெர்னா வாயை மூடிக்கொண்டாள். அவள் யார் பேச்சையாவது கேட்டு நாங்கள் பார்த்தது அன்றுதான்.

அடுத்த கூட்டத்தில் தீர்மானத்தை ரத்து செய்தார்கள். வலது கைக்குக் கட்டுப் போட்டிருந்ததால் ஷாரி இடது கையைத் தூக்கினாள். அதற்குப் பிறகு இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. கடையில் எதிர்ப்பட்டால் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். ஊர் பழையபடி முன்னும் பின்னும் போய்வருகிறது. செவ்வாய், வியாழன் சாயங்காலங்களில் நாங்கள் முக்கியமான எதையும் பேசுவதில்லை.

போன வருஷம் ஒரு வியாழக்கிழமை ஷாரியின் கணவன் வந்து வாசலில் நின்று "நான் வந்துட்டேன்" என்றான். ஷாரி அவன் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாள். அந்த வீட்டு வாசல் ஜிம் ஜன்னலிலிருந்து நன்றாகத் தெரியும். அன்று பெண்கள் ஒரு தவறும் செய்யவில்லை என்று மரிசெலா சத்தியம் செய்கிறாள். இருந்தாலும் வெர்னா ஜன்னலோரம் நின்றபடி "மறுபடியும், முதல்லருந்து" என்று சொல்லிக்கொண்டே இருந்தாளாம். ஷாரி ஆறு முறை கதவைச் சாத்தினாள். ஆறாவது முறை சாத்திய சத்தம் தெருக்கோடிவரை கேட்டது.