தண்ணி எஞ்சின்காரன்

போர் நாலே நாளில் முடிந்துபோனது. எவேலியோவுக்கும் நஹூமுக்கும் நடந்த சண்டை அதற்கு மூன்று வருஷம் கழித்து, மூன்றாவது நாடொன்றில், சோற்றுத் தட்டுக்கு முன்னால் தொடங்கியது.

எவேலியோ எல் சல்வதோர்காரன். அந்நாட்டு விமானப்படையில் முஸ்டாங் போர்விமானங்களின் எஞ்சின்களைப் பழுது பார்த்தவன். நஹூம் ஹோண்டுராஸ்காரன். எதிர்ப்பக்கத்தில் கோர்சேர் விமானங்களைப் பார்த்தவன். இரண்டுமே உலகப்போர் முடிந்து மிஞ்சிய பழைய இரும்பு. பெரிய நாடுகளெல்லாம் ஜெட்டுக்கு மாறிப் பல வருஷம் ஆன பிறகு, இந்த இரண்டு ஏழை நாடுகளும் அந்த இரும்பில் ஏறி ஒன்றையொன்று சுட்டுக்கொண்டன. இப்போது இரண்டு பேரும் நிகரகுவாவில், சினாந்தேகா பருத்திக் காட்டு நடுவே ஒரு மண் ஓடுதளத்தில், மருந்தடிக்கும் விமானங்களுக்கு எண்ணெய் மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

"டேய் குவானாக்கோ, உன் தண்ணி எஞ்சினுக்கு ஒரு ஓட்டை போதும்டா," என்பான் நஹூம், அவரைச் சோற்றை டோர்ட்டியாவில் அள்ளியபடி. சல்வதோர்காரனைச் சீண்ட அங்கே அதுதான் பெயர்; ஹோண்டுராஸ்காரனுக்குக் கத்ராச்சோ. "தண்ணி ஒழுகிடும். அப்புறம் பன்னெண்டு சிலிண்டரும் பன்னெண்டு அடுப்பு. என்னோடது காத்துலயே ஆறிக்கும். பதினெட்டு சிலிண்டர்ல ரெண்டு செதறிப் போனாலும் மிச்சம் பதினாறு வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடும்."

"வரும், வரும். சாயங்காலம் மாடு வர்ற மாதிரி ஆடி அசைஞ்சு வரும். எங்களோடது கத்திடா கத்ராச்சோ. ஒல்லி மூக்கு. காத்தை அறுத்துட்டுப் போகும். உன்னோடதுக்கு மூக்கா அது? கல்யாண அண்டா."

"அண்டான்னாலும் அடுப்புல வெடிக்காத அண்டா."

இந்த இடத்துக்கு வந்ததும் எவேலியோ எழுந்து தட்டைக் கழுவப் போய்விடுவான். தோற்றுவிட்டான் என்று நஹூம் நினைத்துக்கொள்வான்.

மருந்து விமானங்களின் எஞ்சினும் காற்றில் ஆறுகிற சாதிதான். ஒன்பது சிலிண்டரும் வட்டமாக நிற்கும், கோர்சேர் எஞ்சினுக்குத் தம்பி மாதிரி. வேலைக்குச் சேர்க்கும்போது முதலாளி தோன் பெனிக்னோ ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். இந்த வகை எஞ்சினில் கை வைத்திருக்கிறாயா? எங்கள் படையிலும் கோர்சேர் இருந்ததே என்றான் எவேலியோ. இருந்தது உண்மை. அவன் அதன் பக்கம் போனதில்லை என்பதும் உண்மை. முதலாவதை மட்டும் சொன்னான். லியோனில் ஒரு வாடகை அறையில் மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் இருந்தார்கள். வேறு வேலை எதுவும் அவனுக்காகக் காத்திருக்கவில்லை.

அன்று விடிந்ததும் நஹூம் இன்னொரு விமானத்தின் சக்கரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். எவேலியோ மஞ்சள் விமானத்தின் விசிறியைக் கையால் சுற்றினான். கிளப்புவதற்கு முன்னால் அப்படிச் சுற்ற வேண்டும் என்பது நஹூமைப் பார்த்துக் கற்றது. ஏன் என்று கேட்டதில்லை. கேட்டால் பொய் வெளுத்துவிடும். நாலாவது இழுப்பில் சுவரில் முட்டியதுபோல விசிறி நின்றுவிட்டது. தோளைக் கொடுத்துத் தள்ளினான், நகரவில்லை. இறுகின மரையைத் தளர்த்துகிறவன்போல எதிர்ப்பக்கம் சுற்றினான். சுலபமாகப் போனது. மறுபடி முன்னால் சுற்றினான், அதுவும் போனது. கையைத் துடைத்துக்கொண்டான்.

விமானி ஓதிலோன் ஏறிக் கிளப்பினான். எஞ்சின் ஒரு முறை திக்கி, வெள்ளையாய்ப் புகை கக்கி, பிறகு ஓட ஆரம்பித்தது. மருந்து ஏற்றும் இடத்துக்கு விமானத்தை ஓட்டிப் போய், எஞ்சினை அணைக்காமலே நிறுத்தினான். கூலியாட்கள் குழாயை மாட்டினார்கள்.

எவேலியோ தகரக் கொட்டகைக்குப் போய், காலைச் சாப்பாட்டில் இருந்த நஹூமின் எதிரில் உட்கார்ந்தான்.

"உன் சாதி எஞ்சின் இன்னிக்குக் கழுதை மாதிரி நின்னுடுச்சுடா. பின்னால ஒரு சுத்து சுத்தினேன், வாலை ஆட்டிக்கிட்டு வந்துடுச்சு."

நஹூமின் கை வாய்க்குப் பாதி வழியில் நின்றது.

"பின்னாலயா சுத்தின?"

"ஆமா."

"அப்புறம் ஸ்டார்ட் பண்ணியாச்சா?"

"ஓடிக்கிட்டு இருக்கே, காது கேக்கலையா?"

நஹூம் டோர்ட்டியாவைக் கீழே வைத்தான். "ராத்திரியெல்லாம் எண்ணெய் கீழ் சிலிண்டருக்கு இறங்கும்டா. அதான் முட்டி நின்னுருக்கு. பிளக்கைக் கழட்டி வடிச்சுட்டுதான் சுத்தணும். நீ பின்னால தள்ளினா எண்ணெய் எங்க போகும், சொர்க்கத்துக்கா? காத்தை உள்ள இழுக்குற குழாய்ல போய் ஒளிஞ்சுக்கும். ஸ்டார்ட் பண்ணதும் திரும்ப உள்ள வரும். எண்ணெயை நசுக்க முடியாது. பிஸ்டன் நசுக்கப் பாக்கும். அப்போ பிஸ்டனைத் தாங்குற கனெக்டிங் ராடு வளையும்."

"ஆனா ஓடுதே."

"வளைஞ்சாலும் ஓடும். எவ்வளவு நேரம்னு அதுக்குத்தான் தெரியும்." நஹூம் குரலைத் தாழ்த்தினான். "நீ இந்த எஞ்சினைத் தொட்டதே இல்ல, இல்லையா?"

எவேலியோ ஓடுதளத்தின் பக்கம் திரும்பினான். வளைந்திருக்காது என்று ஒரு மனம் சொன்னது. பாதி வாய்ப்பு இருக்கிறது, வாயை மூடிக்கொண்டு உட்காரு, மத்தியானம் யாருக்கும் தெரியாமல் பிளக்கைக் கழற்றிப் பார்த்துக்கொள்ளலாம். ஓடுதளத்தின் கடைசியில் வரிசையாக மரங்கள். முழுச் சுமையோடு விமானம் அவற்றைத் தாண்டும்போது இடைவெளி ஒரு ஆள் உயரம்கூட இருக்காது.

"நான் போய் நிறுத்தினா காரணம் கேப்பாங்க," என்றான் நஹூம் எழுந்தபடி. "நான் பொய் சொல்ல மாட்டேன். நீயே போ."

குழாயைக் கழற்றிவிட்டார்கள். எஞ்சின் சத்தம் ஏறியது. எவேலியோ ஓடினான். விமானத்துக்கு எதிரே போய் நின்று, தலைக்கு மேல் இரண்டு கைகளையும் குறுக்காகப் போட்டான்.

விசிறி நின்றது. ஓதிலோன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எவேலியோவின் அம்மாவில் ஆரம்பித்துத் திட்டினான். ஜீப்பில் வந்து இறங்கிய தோன் பெனிக்னோ நேராக விஷயத்துக்கு வந்தார்.

"யார் நிறுத்தச் சொன்னது?"

"நான்தான்." எவேலியோ நடந்ததைச் சொன்னான். பிறகு, அதுவரை வந்தாயிற்று என்பதால், மிச்சத்தையும் சொன்னான். "நான் முஸ்டாங் மட்டும்தான் பாத்திருக்கேன், தோன் பெனிக்னோ. உங்ககிட்ட பொய் சொன்னேன்."

அவர் நஹூமைப் பார்த்தார்.

"மொத வருஷத்துல நானே இப்படி ரெண்டு ராடை வளைச்சிருக்கேன்," என்றான் நஹூம். "ரெண்டு கோர்சேர் கம்மியாச்சு. இவங்க நாட்டுல எனக்கு மெடல் குடுத்திருக்கணும்."

யாரும் சிரிக்கவில்லை. ஓதிலோன் அந்த மரங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பிரிச்சுப் பாருங்க," என்றார் முதலாளி. "வளைஞ்சிருந்தா என் விமானத்தைக் காப்பாத்தியிருக்க, மருந்து மூட்டை தூக்கிட்டு இங்கயே கெட. வளையலேன்னா ஒரு நாள் பொழப்பையும் கெடுத்துருக்க. பொட்டியைக் கட்டு."

ஆக, எவேலியோ வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு எஞ்சின் கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டான். நல்ல மெக்கானிக்குக்கு வரக்கூடாத வேண்டுதல் அது.

இரண்டு பேருமாகக் கீழ் சிலிண்டரைக் கழற்றினார்கள். வெயில் ஏறித் தகரம் சுட்டது. ஒரு நட்டு வர மறுத்தபோது, எவேலியோ தலையைத் தூக்காமலே பேசினான்.

"எங்க கேப்டன் லிசாந்த்ரோ. நான் தயார் பண்ணிக் குடுத்த விமானம். எஞ்சின் கடியாரம் மாதிரி ஓடுச்சு. கீழேருந்து ஒரு குண்டு, ரேடியேட்டர்ல. அவரைக்கொட்டை அளவு ஓட்டை. தண்ணி ஒழுகி, எஞ்சின் இறுகி, மலைமேல விழுந்துட்டாரு. என் வேலைல ஒரு குத்தமும் இல்லன்னு எழுதிக் குடுத்தாங்க."

நஹூம் ஸ்பானரைக் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தான். "கீழேருந்துன்னா, எங்க ஆளுங்களா?"

"வேற யாரு?"

சிலிண்டர் கழன்று வந்தது. நஹூம் ராடின் பக்கத்தில் இரும்பு அளவுகோலை வைத்துப் பிடித்தான். நடுவில் நூல் பிடித்தாற்போல வெளிச்சம் தெரிந்தது. வளைந்திருந்தது. எவேலியோ எண்ணெய்த் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

மறுநாளிலிருந்து மூக்கில் துணி கட்டிக்கொண்டு மருந்து மூட்டை தூக்கினான். கூலி குறைவு, நாற்றம் அதிகம். மூன்றாம் நாள் மத்தியானம் கொட்டகையில் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சண்டைக்கான நேரம் வந்து, தானாகவே போய்விட்டது. நஹூம் டோர்ட்டியாவால் தட்டைத் துடைத்தான்.

"முஸ்டாங்தான்டா வேகம்," என்றான் கடைசியில். "எங்காளுங்களால பிடிக்கவே முடியாது."

எவேலியோ அவனை நிமிர்ந்து பார்த்தான்.

"பொய் சொல்ற."

"பொய்தான். சாப்பிடு."