முன்தீர்ப்பில் இருப்பவள்

ஏதாவதொரு நீதிமன்றம் அந்தப் பழைய தீர்ப்பை மேற்கோள் காட்டும்போதெல்லாம் உதயகுமாரி நின்ற இடத்திலிருந்து மறைந்து, எட்டு வயதில் தான் படித்த வகுப்பறையின் சின்னக் கதிரையில் போய் உட்கார்ந்துவிடுவாள். முதல் தடவை, ஒஸ்லோவின் குறொன்லாண்ட் பகுதியில் அவள் வேலைசெய்த கடையில் முருங்கைக்காய் நிறுத்துக்கொண்டிருந்தபோது நடந்தது. முருங்கைக்காய் தராசிலேயே கிடந்தது. கடை முதலாளி தர்மலிங்கம் கொஞ்சநாள் முறைத்தார். மூன்றாம் தடவைக்குப் பிறகு தராசுக்கு இன்னொரு ஆளைப் பழக்கிவிட்டார்.

ஒஸ்லோவிலேயே பிறந்து, நோர்வேஜிய மொழி தண்ணிபட்ட பாடாயிருந்த உதயகுமாரியை அந்த வயதில் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய வகுப்பில் போட்டார்கள். அப்பா இராசையா வழக்குப் போட்டுத் தோற்றார். மொழி கற்பிக்க ஒரு வருடம் பிரித்து வைக்கலாம் என்றது தீர்ப்பு. பிறகு வந்த நீதிபதிகளும் அதையே பிடித்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்தை இடித்து மாடிவீடு கட்டியும் அந்த வகுப்பறை மட்டும் போகவில்லை. கதவுக்கு உள்பக்கம் பிடி கிடையாது. நீதிபதி வாசித்து முடிக்கும்வரை, முழங்கால் மேசையில் இடிக்க இருக்கவேண்டும். யன்னலுக்கு வெளியே மற்ற வகுப்புப் பிள்ளைகள் பனியில் சறுக்குவார்கள்.

பதினோராம் தடவை போனபோது பக்கத்தில் இன்னொரு கதிரை இருந்தது. அதில் வர்சா என்று எழுதியிருந்தது. அந்தக் கிழமைதான் அவளுடைய எட்டு வயது மகள் வர்சாவையும் அப்படியொரு வகுப்பில் போட்டிருந்தார்கள்.

வழக்கறிஞர் எம்மா இரண்டு வழி சொன்னாள். பழைய தீர்ப்பே பிழை என்று உச்ச நீதிமன்றம்வரை போகலாம். அதற்குள் வர்சா வளர்ந்துவிடுவாள், தோற்கவும் கூடும். இல்லாவிட்டால் பழையதைத் தொடாமல், இந்த வழக்கு வேறு என்று காட்டலாம். அன்று ஒரு வருடத்துக்கென்று பிரித்தார்கள், இன்று முடிவுத் தேதியே இல்லை. இது வெல்லும். ஆனால் பழைய தீர்ப்பு அப்படியே இருக்கும்.

ட்வெய்ட்டா பகுதியிலிருந்த அவர்களுடைய வீட்டில் கணவன் பிரவீனன் எல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப நீர்?" என்றான்.

"வேறை வழக்கு எண்டே சொல்லட்டும். பிள்ளை வெளியிலை வரட்டும்."

தீர்ப்பு நாளில், வித்தியாசத்தைக் காட்டுவதற்காக நீதிபதி பழையதை வரிவரியாக வாசித்தார். உதயகுமாரி நான்கு மணி நேரம் உள்ளே இருந்தாள். முடிவில் பக்கத்துக் கதிரை இல்லாமல் போயிருந்தது. சந்தோசத்தில் வாய்விட்டு அழுதாள்.

இப்போது நீதிமன்றங்கள் வர்சாவின் தீர்ப்பைத்தான் காட்டுகின்றன. வேறு பிள்ளைகளும் வெளியே வந்துவிட்டார்கள். பழையதிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்று சொல்லாமல் அதைக் காட்ட முடியாது. அதனால் உதயகுமாரி முன்னையிலும் அடிக்கடி போகிறாள். காலையில் பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக்குப் பாண் கட்டும்போது வர்சா, தன் அம்மாவுக்கும் இரண்டு துண்டு கட்டி, முழங்காலுக்கு மெத்தென்று ஒரு துணியும் வைத்துவிடுகிறாள்.