பூஜை நாளில் ஏற்றிய ட்ரோன்

அக்ஷராவுக்குக் கோபம் வந்தால் பேச்சு வராது. அன்றைக்குக் கொல்கத்தாவை அடுத்த ஹவுராவில், இரும்பை உருக்கி வார்க்கும் ஒரு பட்டறையின் மொட்டை மாடியில் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றபோதும் வரவில்லை.

விஸ்வகர்மா பூஜை, கண்ணுகளா. அன்று அங்கே லேத் ஓடாது, உலை எரியாது. கருவிகளுக்கெல்லாம் பொட்டு வைத்து ஓய்வு கொடுத்துவிட்டு, ஊரே மாடியேறிப் பட்டம் விடும். கண்ணாடித் தூள் பூசிய மாஞ்சா நூல் வானமெங்கும் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். அதற்குள் ட்ரோனை ஏற்றுவது கல்யாணப் பந்தலுக்குள் லாரியை விடுவது போலத்தான்.

காலையிலேயே அவள் ஜெய்ராம் மாமாவிடம் இதைச் சொல்லிவிட்டாள். ட்ரோன் கம்பெனி அவருடையது. அப்பாவின் சிநேகிதர், கொல்கத்தாவில் தமிழர்கள் நிறைய இருக்கும் லேக் மார்க்கெட்டில் பக்கத்து வீட்டுக்காரர். அவர் சிரித்தார்.

"இது அவா, பெங்காலிக்காரா பூஜைம்மா. நம்ம மெஷினுக்கு ஆயுத பூஜையன்னிக்குத்தான் லீவு. சாயங்காலத்துக்குள்ள பில்டருக்குக் கூரைப் படம் போயாகணும். ஏத்து."

ஆளில்லாத விமானங்கள் தொடக்க நாளில் பறந்ததே பீரங்கிக்காரர்கள் சுட்டுப் பழகத்தான் என்று, ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை பார்த்த அவள் அப்பா சொல்வார். அப்படிப்பட்டதைக் கொண்டு அவள் பர்தமானில் உருளைக்கிழங்கு வயலுக்கு மருந்து தெளித்திருக்கிறாள். புயலுக்குப் பிறகு சுந்தரவனத்தில் ஒரு தீவுக்கு மாத்திரைப் பெட்டி இறக்கியிருக்கிறாள். தன் வேலையில் அவ்வளவு பெருமை அவளுக்கு. இன்றோ பில்டர் யாரோ வாங்கி இடிக்கப் போகும் பட்டறைக் கூரையைப் படமெடுக்க நிற்கிறாள். முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏற்றினாள்.

நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. எங்கிருந்தோ வந்த நூல் விசிறியில் சுற்றிக்கொண்டது. ட்ரோன் ஒரு பக்கமாகச் சாய்ந்து, சுழன்றபடியே பட்டறை முற்றத்தில் விழுந்தது. பூஜைப் பிரசாதத் தட்டோடு போய்க்கொண்டிருந்த பட்டறைத் தொழிலாளி பீரேன் தா ('தா' என்றால் வங்காள மொழியில் அண்ணன்) முகத்தை மறைக்கக் கையைத் தூக்கினார். முப்பது வருஷமாக மணலில் அச்சுப் பிடித்த வலது கை. இரண்டு விரலில் எலும்பு வரைக்கும் வெட்டு.

ஆஸ்பத்திரி வாசலிலேயே ஜெய்ராம் அவளை ஓரமாக அழைத்துப் போனார். பீரேன் தாவுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. அக்ஷரா தன் இஷ்டத்துக்கு ட்ரோனை எடுத்துக்கொண்டு போய்விட்டாள், கம்பெனிக்குத் தெரியாது என்று ஒரு கடிதம் வேண்டுமாம். சின்னப் பெண், அவளுடைய லைசென்ஸைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைப்பார்களாம், அவ்வளவுதானாம். கம்பெனி பெயர் வந்தால் எல்லாம் மூழ்கிவிடுமாம்.

அவள் ஆஸ்பத்திரிக்குள் போகத் திரும்பினாள். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நம்மவாளே நம்மவாளைக் காட்டிக் கொடுக்கலாமா, சொல்லு?"

"விசிறி வெட்டறச்சே நம்மவாளா, அவாளான்னு பார்த்துதா, மாமா?"

அவர் முகம் சிவந்தது. நேற்று வரை மடியில் உட்கார்ந்து விளையாடிய பெண் வாயாடுகிறாளே என்றார். அப்பாவிடம் சொல்கிறேன் என்றார். தாராளமாகச் சொல்லச் சொல்லிவிட்டு, அவள் நேரே போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தாள்.

அங்கே வங்காள மொழியில் அவள் சொன்னது இரண்டே விஷயம். ஓட்டச் சொன்னது ஜெய்ராம். ஓட்டியது நான். எழுதிக்கொண்டிருந்த அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். இரண்டாவதை எழுதினால் லைசென்ஸ் போனாலும் போகும், யோசித்துச் சொல்லம்மா என்றார். எழுதுங்கள் என்றாள்.

புகார் கொடுக்க வந்த பீரேன் தாவின் மனைவி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சேலையில் ரத்தம் காய்ந்திருந்தது. அவள் எழுந்து வந்து ஒன்றே ஒன்று கேட்டாள்: வானத்தில் அவ்வளவு நூல் இருந்தது உனக்குத் தெரியுமா?

"தெரியும்" என்றாள் அக்ஷரா.

அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அக்ஷரா அதிகாரியிடம் பேனாவை வாங்கி, வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டாள்.