காலில் விழ விடாத ரோபோ

அமெரிக்க வேலையை உதறிவிட்டு ஆந்திர எல்லையிலுள்ள சொந்த ஊரான நகரிக்கே வந்த பத்மினி, தடுமாறி விழும் முதியவர்களைத் தூக்கி நிறுத்த அந்தப் பக்கம் யாரும் பார்த்திராத ரோபோ ஒன்றைச் செய்திருந்தாள். அதைப் புத்தூர் முதியோர் இல்லத்தில் வைக்க எம்.எல்.ஏ. சம்பத் தலையாட்ட வேண்டும்.

இல்லத்தின் திறப்பு விழாவுக்கு அவர் வந்ததும் தொண்டர்கள் வழக்கம்போல் காலில் விழ ஆரம்பித்தார்கள். ரோபோ உருண்டு வந்து, ஒவ்வொருவரையும் பாதி வழியிலேயே அணைத்துத் தூக்கி, "அடி பட்டுதா?" என்று அன்பாக விசாரித்தது. ஒருவரும் எம்.எல்.ஏ.வின் கால்வரை போய்ச் சேரவில்லை.

"இன்னாம்மா இது, மரியாத தெரியாத மிஷினா கீது? ஆஃப் பண்ணு மொதல்ல!"

"விழறவங்கள தூக்கத்தான் சார் அதுக்குத் தெரியும். எதுக்கு விழறாங்கன்னு எனக்கே புரியல, அதுக்கு எப்டி சொல்லித் தர்றது?"

சம்பத்தின் முகம் போன போக்கில், ரோபோ திரும்ப லாரி ஏற வேண்டியதுதான் என்று பத்மினிக்குப் பட்டது. அந்நேரம் பார்த்துத் திருப்பதியிலிருந்து அமைச்சரின் கார் வந்தது. எம்.எல்.ஏ. வாசலுக்கு ஓடி நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். முட்டி பிடித்துக்கொண்டது, எழ முடியவில்லை. அமைச்சர் அவரைச் சுற்றிக்கொண்டு மேடைக்கு நடந்தார். தொண்டர்களும் அமைச்சர் பின்னாலேயே போனார்கள். ரோபோ மட்டும்தான் வந்தது.

அதன் கையில் தொங்கியபடி சம்பத் மெதுவாகக் கேட்டார்: "இது இங்கியே இருக்கட்டும்மா. என் கூடவே வர்ற மாதிரி இன்னொண்ணு செஞ்சி தருவியா?"