வெட்டினரி சர்ஜன்

மாட்டு டாக்டர் என்று யாராவது சொல்லிவிட்டால் சுவாமிநாதனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வெட்டினரி சர்ஜன் என்று சொல்ல வேண்டும். சூரமங்கலத்து ரயில்வே துரையின் நாய்க்குச் சிறுநீர்ப்பையைத் திறந்து நெல்லிக்காய் அளவு கல்லை எடுத்த பிறகு கேட்கவே வேண்டாம்.

நான்காம் நாள் காலை துரை வீட்டிலிருந்து ஆள் வந்தது. நாய் சொட்டு மூத்திரம்கூடப் போகவில்லை.

தையல் விட்டுப்போனதோ, கல் துணுக்கு எங்கேனும் அடைத்ததோ என்று பதறிக்கொண்டு ஓடினார். மூத்திரத் துவாரத்தில் ரப்பர் குழாயை நுழைத்தார். தடையில்லாமல் போனது. சிறுநீர்ப்பையில்தான் ஒன்றுமே இல்லை. நாயின் நாக்கு பட்டையாகக் காய்ந்து கிடந்தது.

“தண்ணி வச்சியா?” என்று நாயைப் பார்த்துக்கொள்ளும் ஆராயியிடம் எரிந்து விழுந்தார்.

“வவுத்த அறுத்த பொறவு தண்ணி ஆகுங்களா? புண்ணு சீழ் புடிச்சுக்குமே. ஈரத்துணியில நாக்கத் தொடச்சு உட்டதோட சரிங்க.”

கல்லை எடுத்த அன்று எதையெல்லாம் தின்னக் கொடுக்கக் கூடாது என்று அவளிடம் நீட்டி முழக்கியவர், தண்ணீரைப் பற்றி வாயே திறக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

“தண்ணியில்லாமத்தான் இது சாகக் கெடக்குது. கொண்டா!”

ஆராயி கிண்ணத்தை வைத்தாள். நாய் நக்கி நக்கிக் குடித்தது. அது தலை நிமிரும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

“என்ற மவ புள்ள பெத்துக் காய்ச்சல்ல கெடந்தப்ப, சாகற வரைக்கும் தண்ணி தண்ணின்னே கேட்டாளுங்க. குடுத்திருக்கோணுமுங்களா?”

சுவாமிநாதன் ரப்பர் குழாயைச் சுருட்டத் தொடங்கினார்.

“எனக்கென்ன தெரியும்? நான் மாட்டு டாக்டர்” என்றார்.