நாற்பத்தெட்டு கிராம்

"அளவு பாத்துத்தாம்லா மாட்டுனேன், ஒரு நூல்கூட..."

"அளவ யாருலே கேட்டா? எடை பாத்தியா?"

"...வித்தியாசம் கெடையாதுக்கா. எஞ்சினுக்கு அடியில உள்ள ரப்பர்தான் சரியில்ல. தடிச்ச ரப்பரா வச்சா ஆட்டம் நின்னுரும்."

"வெளிய நின்னுரும். உள்ள ஆடுதத எது நிறுத்தும்?"

டார்லினும் தம்பி ஜாபேசும் மாறி மாறிப் பேசியதில் சுவிசேஷமுத்து அண்ணாச்சிக்குத் தலை சுற்றியது. ஆழ்வார்குறிச்சியில் அவருடைய ஆறு ஏக்கர் நெல் முற்றித் தலை சாய்ந்து நின்றது. வியாழக்கிழமை மழை என்று சொல்லிவிட்டார்கள். இன்று செவ்வாய். அவருடைய அறுவடை வண்டியின் எஞ்சினோ பாளையங்கோட்டையில் இவர்கள் பட்டறையில் நின்றது. நிமிஷத்துக்கு ஆயிரத்தைந்நூறு சுற்றைத் தாண்டினால் போதும், அது உலுக்குகிற உலுக்கில் பக்கத்துப் பெஞ்சில் வைத்த ஸ்பேனர் தானாக நகர்ந்து கீழே விழுந்தது. கதிரடிக்க அந்த வேகம் பத்தாது.

பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கிற கனெக்டிங் ராடு ஒன்று வளைந்துபோக, பழைய சாமான் கடையில் வேறொன்று பார்த்து மாட்டியவன் ஜாபேஸ்தான். பார்வைக்கு அது மற்ற மூன்றைப் போலவே இருந்தது. டார்லினுக்கு அதன்மேல்தான் சந்தேகம். பிரித்தால் ஒரு நாள் போகும் என்றான் தம்பி. பிரிக்காவிட்டால் வயல் நடுவே கிராங்க் ஒடியும், அப்புறம் அண்ணாச்சி அரிவாளோடு இறங்க வேண்டியதுதான் என்றாள் அவள். அண்ணாச்சி பிரிக்கச் சொல்லிவிட்டார்.

நான்கு ராடுகளையும் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு, அண்ணாச்சியோடு அடுத்த தெரு நகைக்கடைக்கு நடந்தாள் டார்லின். கடைக்காரர் கார்த்திகேசன் வெள்ளிக் குத்துவிளக்கு நிறுக்கும் தராசில் ஒவ்வொன்றாக வைத்தார். சேதாரம் எவ்வளவு போடட்டும் என்று கேட்டு அவரே சிரித்துக்கொண்டார். பழைய மூன்றும் ஒரே எடை. புதிதாக மாட்டியது நாற்பத்தெட்டு கிராம் கூடுதல்.

"ஒரு எலுமிச்சம்பழ எடைதான தங்கச்சி? இதுக்கா இம்புட்டு ஆட்டம்?"

"நிக்கும்போதுதான் எலுமிச்சம்பழம், அண்ணாச்சி. ரெண்டாயிரத்து இருநூறு சுத்துல அது பதினஞ்சு கிலோ மாதிரி இழுக்கும். ஒவ்வொரு சுத்துக்கும் இழுக்கும்."

அப்படியானால் மற்ற மூன்றிலும் கொஞ்சம் இரும்பை ஏற்றிவிடலாமே என்றார் அண்ணாச்சி. சுற்றுகிற பாரம் கூடினால் எஞ்சின் வேகமெடுக்கச் சுணங்கும், குறைப்பதுதான் வழி என்று டார்லின் சொல்லிவிட்டாள்.

எடை கூடிய அந்த ராடின் இரண்டு முனையிலும் இரும்பு தடித்திருந்த இடத்தில் பையப் பைய அரைத்தாள். அரைப்பதும் நகைக்கடைக்கு நடப்பதுமாக நாலு தடவை. ஐந்தாவது தடவை தராசு நாலு ராடுக்கும் ஒரே எடை காட்டியது. ஜாபேஸ் நாலையும் மாட்டி எஞ்சினைப் பூட்டினான்.

புதன்கிழமை மத்தியானம் எஞ்சினைக் கிளப்பினார்கள். ஆயிரத்தைந்நூறு. ஆயிரத்தெண்ணூறு. ரெண்டாயிரத்து இருநூறு. பெஞ்சின் விளிம்பில் டார்லின் வேண்டுமென்றே வைத்த ஸ்பேனர் வைத்த இடத்திலேயே கிடந்தது. எஞ்சினை ஏற்றிப்போக வண்டி கொண்டுவரச் சொல்லி அண்ணாச்சி போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். ஜாபேஸ் கையைத் துடைத்தபடி ஸ்பேனரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

டார்லின் எஞ்சினை அணைத்தாள்.

"ஏலே ஜாபேஸ், அளவு மட்டும் பாத்து இதுவரைக்கும் எத்தன எஞ்சின் பூட்டி அனுப்பியிருக்க?"