ஏரியில் ஓடிய லாரி

காட்டைப் புகை மூடிய பிறகு கட்டுப்பாட்டு அறைக்குக் கண் என்று மிஞ்சியது ஒன்றுதான்: மேலே நேர்கோட்டில் போய்வரும் விமானத்தின் ரேடார். அது அனுப்பும் படம் உப்பையும் மிளகையும் கலந்து கொட்டியது மாதிரி இருக்கும். அந்த இரைச்சலில் எது பாறை, எது வண்டி என்று பிரிப்பவனுக்குப் ‘புள்ளி’ என்றே பெயர் நிலைத்துவிட்டது.

இப்போது அவன் தேடியது ஒரு தண்ணீர் லாரியை. ஓட்டியது அவன் அக்கா. பின்னால் தீ துரத்த, ஏரிக்கரைச் சாலையில் இறங்கிக்கொண்டிருந்தாள். முன்னால் வளைவிலும் தீ சாலையைத் தாண்டிவிட்டது அவளுக்குத் தெரியாது. அவளது வயர்லெஸ் செத்துவிட்டது.

படம் வந்தது. லாரி கிடைத்தது. ஏரியின் நடுவில்.

“ஐயோ!” அதிகாரி மைக்கை எடுத்தார். “வளைவுக்கு முந்தின கிளைப்பாதையில நம்ம வண்டி ஒண்ணுதான் நிக்குது. ஏரிக்கு அனுப்புறேன்.”

“வேணாம் சார். வளைவுக்கு அனுப்புங்க.”

“டேய், லாரி தண்ணில கெடக்கு!”

“தண்ணிக்குள்ள போனது ரேடார்ல தெரியாது சார். ஓடுற வண்டிய இது விமானம் போற வாக்குல எடம் தள்ளித்தான் காட்டும். ஏரில தெரியுதுன்னா ரோட்ல ஓடுதுன்னு அர்த்தம்.”

“வெறும் இரைச்சலா இருந்தா?”

புள்ளி வந்த தரவை இரண்டாக வெட்டித் தனித்தனிப் படமாக்கினான். இரைச்சல் இரண்டிலும் வேறுவேறாக இருந்தது. ஏரியில் தெரிந்த வெளிச்சம் மட்டும் இரண்டிலும் இருந்தது. அதிலிருந்து விமானம் போன திசையிலேயே ஸ்கேலை வைத்தான். சாலையை அது தொட்ட இடம், வளைவுக்கு நாலைந்து கிலோமீட்டர் முன்னால். விலகிய தூரத்தை வைத்து வேகம் போட்டான். எழுபது.

“எழுபதா? உங்கக்கா வண்டிய சைக்கிள்காரனே முந்துவான்னு நீதானடா சொன்ன?”

ஊரெல்லாம் பரப்பிய கிண்டல் கடைசியில் அவன் தலையிலேயே விடிந்தது.

“முதுகுல நெருப்பு பட்டா எங்கக்காவும் மிதிப்பா சார்.”

“தப்பாப் போச்சுன்னா?”

“எங்கம்மாவுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்.”

அதிகாரி அவனை ஒரு முறை பார்த்தார். மைக்கை அழுத்தினார். “வளைவுக்கு முன்னாடி ரோட்ட மறி. வர்ற லாரிய உன் பாதைக்குத் திருப்பு.”

பதில் கரகரத்து, பாதியில் அறுந்தது.

விமானம் திரும்பி வரும்வரை இருவரும் முகம் பார்த்துக்கொள்ளவில்லை. அதிகாரி காலி டீ கோப்பையை மூன்று மடக்கு குடித்தார்.

புதுப் படம் வந்தது. ஏரி வெளிச்சமே இல்லாமல் சுத்தமாக இருந்தது.

“முங்கிருச்சுடா...”

புள்ளி சாலையைப் பெரிதாக்கினான். வளைவுக்கு முன்னால் இரண்டு வெளிச்சங்கள், முட்டிக்கொள்ளாத குறையாக. இரண்டும் சாலையின் மேலேயே.

“நிக்குது சார். ரெண்டும் நிக்குது.”

மறித்து நின்ற வண்டியின் வயர்லெஸ் உயிர் பெற்றது. அதில் அக்காவின் குரல் கத்தியது: “நடு ரோட்ல வண்டியப் போட்டு மறிக்கச் சொன்னது எவன்டா?”

புள்ளி மைக்கை அதிகாரி பக்கம் நகர்த்தினான்.

“உத்தரவு போட்டது நீங்கதான் சார். நீங்களே பேசுங்க.”